ஐம்பத்தெட்டாம் நம்பரின் தலை

குழந்தையின் தலை வளரும். சில மாதம் வளராமல் அப்படியே நிற்கும். ஆனால் சுருங்காது. சட்டை சுருங்கும், சம்பளம் சுருங்கும், மாமியார் ஆசையாகப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் ஒரே சலவையில் பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கும். மண்டை ஓடு மட்டும் அந்த வேலையைச் செய்யாது. பதினோரு வருஷமாகக் குழந்தைகளின் தலையையும் முகத்தையும் அளப்பதே பிழைப்பாக இருக்கும் அளவக்காவுக்கு இது தெரியாதா?

அதனால்தான், அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஐம்பத்தெட்டாம் நம்பர் குழந்தையின் தலை ஆறே மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் சுருங்கிப் போயிருப்பதைப் பார்த்தபோது அவள் அந்த எண்ணை மூன்று தடவை படித்தாள்.

அளவக்கா என்பது குழந்தைகள் வைத்த பெயர். அவள் வேலை பார்ப்பது குழந்தைகளுக்கு மூக்குக்கண்ணாடி செய்யும் கம்பெனியில். பெரியவர்களின் பிரேமைச் சின்னதாக்கிக் குழந்தை முகத்தில் மாட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. குழந்தை மூக்குக்கு மேடே கிடையாது, கண்ணாடி வழுக்கிக்கொண்டு வாய்க்கு வந்துவிடும். காதுக்கும் மூக்குக்கும் இடையில் உள்ள தூரமோ வருஷத்துக்கு வருஷம் மாறும். எந்த வயதில் முகம் எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்தால்தான் பிரேமுக்குச் சைஸ் போட முடியும். அதற்காகக் கம்பெனி மற்ற ஊர்களில் செய்ததுபோலவே இந்த ஊரிலும் நூற்று நாற்பது குழந்தைகளுக்கு நம்பர் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு வருஷமாக அளந்து வந்தது. இது ஐந்தாவது தடவை. இதுதான் கடைசி அளவு, இதை வைத்துத்தான் புதுப் பிரேம்கள் வரப்போகின்றன என்று எல்லாப் பெற்றோருக்கும் கடிதம் போயிருந்தது.

அளப்பது ஒரு பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பறையில். சுவரெல்லாம் நீலச் சூரியனும் ஆறு கால் நாயுமாக இருக்கும். நடுவில் ஒரு உயரமான நாற்காலி. குழந்தையை அதில் உட்காரவைத்து, கிளிப்பைக் கழற்றி, பின்னலை அவிழ்த்து, புருவத்துக்கு மேலே டேப்பை வைத்துப் பின்மண்டையைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். இறுக்கினால் ஒரு அளவு, தளர்த்தினால் ஒரு அளவு. விரல் நுனியில் இருக்கிறது தொழில். அப்புறம் நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும் காலிப்பரால் கன்னத்தின் அகலம், மூக்குத்தண்டின் அகலம், மூக்கிலிருந்து காது வரை நீளம், இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

எழுதுவதற்கு இன்னொருத்தி உண்டு. அளவக்கா எண்ணைச் சொல்ல வேண்டும், அவள் அதை அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். அது விதி. எட்டு வருஷமாக நாள் முழுக்கத் திருப்பிச் சொல்லிச் சொல்லி அவளுக்குக் கிளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழைய அளவு எழுதிய தாள் கிளியின் அட்டைக்கு அடியில் இருக்கும். புது அளவை எழுதி முடிக்கும்வரை அதை யாரும் பார்க்கக் கூடாது. அதுவும் விதி.

புகைப்படம் எடுக்க மாட்டோம் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் தாளில் பெயர் விவரமும் எண்களும் மட்டும்தான். அளவக்காவுக்கோ முகங்கள் நினைவில் நிற்காது. மூக்கை அளந்து, கன்னத்தை அளந்து, மொத்தமாக ஒரு முகத்தைப் பார்க்கிற வழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. "ரோட்டுல நான் எதிர்ல வந்தாகூட, டேப்ப எடுத்து அளந்து பாத்துட்டுத்தான் இவ சிரிப்பா" என்று லிப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

ஐம்பத்தெட்டு என்று கூப்பிட்டதும் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தாளில் அம்மாவின் தொழில், சட்டை தைக்கும் கம்பெனி என்று இருந்தது. குழந்தை வரும்போதே நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டது.

"பேரென்ன கண்ணு?"

குழந்தை பெயரைச் சொன்னது. தாளில் இருந்த அதே பெயர். ஆனால் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அம்மாவைப் பார்த்தது. தன் பெயரைச் சொல்லிவிட்டு மார்க் எதிர்பார்க்கிற குழந்தையை அளவக்கா பார்த்ததில்லை.

"வயசு?"

"ஆறு" என்றது வாய். கையோ நாலு விரலை நீட்டியது.

அம்மா சட்டென்று அந்தக் கையைப் பிடித்து மடக்கித் தன் புடவைக்குள் வைத்துக்கொண்டாள். "விரல் எண்ணத் தெரியாது மேடம் அவளுக்கு" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல் இருந்தது, சிரிப்பு இல்லை.

அளவக்கா அளந்தாள். "நாப்பத்தொம்பது புள்ளி ஒண்ணு."

"நாப்பத்தொம்பது புள்ளி ஒண்ணு" என்றாள் கிளி.

பின்னலை அவிழ்த்தபோதே அவள் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். பின்மண்டையைச் சுற்றி, ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை, முடி அமுங்கிக் கோடு விழுந்திருந்தது. காதுகளுக்குப் பின்னால் தோல் கன்றிப் போயிருந்தது, ஒரு பக்கம் பொருக்குத் தட்டியிருந்தது. எதையோ வைத்து நாள்கணக்கில் கட்டின தடம்.

இடது காது வலது காதைவிட ஒன்பது மில்லிமீட்டர் கீழே இருந்தது. மறுபடி அளந்தாள். ஒன்பது. எல்லாம் முடிந்ததும் கிளி அட்டையைத் தூக்கிப் பழைய தாளைப் பார்த்தாள். பார்த்தவள் தாளை அளவக்கா பக்கம் திருப்பினாள். போன தடவை தலைச் சுற்றளவு ஐம்பது புள்ளி ஆறு. காதுகள் இரண்டும் ஒரே மட்டம். நான்கு தடவையும் ஒரே மட்டம்.

"எழுதியாச்சா மேடம்?" என்று கேட்டாள் அம்மா.

"ம்."

"பேனாவுலதானே எழுதினீங்க? அழிக்க மாட்டீங்கள்ல?"

பதினோரு வருஷத்தில் எந்தப் பெற்றோரும் இப்படிக் கேட்டதில்லை. மண்டை பெரிசா, சின்னதா, அறிவு வருமா என்று கேட்பார்கள். பேனாவா பென்சிலா என்று யார் கேட்பார்கள்?

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அளவக்கா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"இது அந்தக் குழந்த இல்ல" என்றாள்.

"போன தடவ நீங்க தப்பா அளந்திருப்பீங்க" என்றாள் கிளி வாயில் உருண்டையோடு.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அளவக்கா ஒரு மீட்டர் நாடா வாங்கினால் வீட்டுக்கு வந்து அளந்து பார்க்கிற ஜாதி. ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்படுவாள், தன் கையை மட்டும் சந்தேகப்பட மாட்டாள். "நாலு தடவையுமா தப்பா அளந்தேன்? நீயும் நாலு தடவ திருப்பிச் சொன்னியே, கிளி மாதிரி?"

"சரி, வேற குழந்தன்னே வைங்க. அந்தப் பழைய குழந்த எங்க போச்சாம்?"

கேட்டுவிட்டுக் கிளியும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அதுதானே கேள்வி. ஆறு வயதுக் குழந்தை எங்கே? அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த இந்த நாலு வயது யாருடையது? அதன் தலையில் கட்டின தடம் ஏன்? அளவக்காவின் புத்தி ஓட ஆரம்பித்தால் அதற்குப் பிரேக் கிடையாது. குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது, வெளியே தெரியாமல் இருக்க இன்னொரு குழந்தையைக் கொண்டுவந்து காட்டுகிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு அந்தத் தடம் எதனால் வந்திருக்கும் என்று முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அவளுக்குத் தன் பயமும் ஒன்று இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தலைமை அலுவலகத்தில் எல்லாத் தாள்களையும் சரிபார்க்கும் ஒருவர் இருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். எல்லாருக்கும் அவர் பூதக்கண்ணாடி. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவளைக் கூப்பிட்டு, "உங்க தாள்ல காதுமட்டம் எல்லாருக்கும் ரொம்ப அழகா வருது. மத்த ஊர்ல இவ்வளவு அழகா வரல. அளக்குறீங்களா, இல்ல உட்கார்ந்து எழுதுறீங்களா?" என்று கேட்டிருந்தார். இனிமேல் நடக்கவே முடியாத எண் ஒன்று அவள் தாளில் வந்தால், இரண்டு வருஷத்து நூற்று நாற்பது தாளையும் தள்ளிவிட்டு அவளையும் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். சுருங்கிய தலையைவிட நடக்க முடியாத எண் வேறு எது? அந்தத் தாள் திங்கட்கிழமை அவர் மேஜைக்குப் போக வேண்டும். பதினோரு வருஷத்துப் பெயர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேர்ல போய்ப் பாத்துரலாம்" என்றாள்.

"வீட்டுக்கெல்லாம் போகக் கூடாதுன்னு விதி இருக்கு அக்கா."

"கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சுன்னு சொல்லுவோம். நீயும் வர்ற."

"நீங்க போலீசுல சேந்திருக்க வேண்டியவங்க. என் தலையெழுத்து, கூட வந்து மாட்டிக்கிட்டேன்."

சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போனார்கள். மூன்று மாடிக் கட்டடம், படியெல்லாம் சைக்கிளும் செருப்பும். இரண்டாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு நேரே தரையில் ஒரு பெண் குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

அளவக்கா அதன் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தாள். டேப் இல்லாமலே தெரிந்தது. ஐம்பது புள்ளி எட்டு இருக்கும். ஐம்பத்தெட்டாம் நம்பர் உயிரோடு, சௌக்கியமாக, கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது.

மெஷின் நின்றது. அம்மா எழுந்து வந்தாள். இருவரையும் பார்த்த மாத்திரத்தில் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கையெழுத்து ஒண்ணு..." என்று கிளி ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள் அளவக்கா. "நேத்து கூட்டிட்டு வந்தது யாரு?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. உள்ளறையிலிருந்து அந்தக் குழந்தையே வந்தது. முகத்தில் மூக்குக்கண்ணாடி. தடித்த கண்ணாடிச் சில்லு. பிரேமின் இரண்டு கம்பிகளையும் பாதியில் வெட்டி, சட்டை இடுப்பில் வைத்துத் தைக்கிற எலாஸ்டிக்கை அதில் சேர்த்துத் தைத்து, தலையைச் சுற்றி இறுக்கியிருந்தது. அப்படியும் ஒரு பக்கம் தாழ்ந்து, ஒரு கண் சில்லுக்கு நடுவிலும் இன்னொரு கண் ஓரத்திலுமாகப் பார்த்தது. மூக்குத்தண்டில் பிளாஸ்திரி.

கிளி "அடக் கடவுளே" என்றாள் மெதுவாக.

"இது சின்னவ" என்றாள் அம்மா. "ரெண்டு பேருக்கும் பதினாலு மாசம்தான் வித்தியாசம். ஒண்ணர வயசுலயே கண்ணாடி போட்டாச்சு. எந்த பிரேமும் நிக்க மாட்டேங்குது. காது அப்படி. கடைக்காரர் வளைச்சு வளைச்சுப் பாத்தாரு, ஒடிஞ்சு போச்சு. எலாஸ்டிக் போட்டா புண்ணாகுது, போடலன்னா சுவத்துல முட்டிக்கிறா."

"அதுக்கு ஏன் அக்கா பேருல கூட்டிட்டு வரணும்?"

"கடைசி அளவுன்னு கடுதாசி வந்துச்சே." அதிலென்ன கேள்வி என்பதுபோல அம்மா பார்த்தாள். "எங்க கம்பெனில நாலு தடவ அளவு பாப்பாங்க. ஆனா கட்டிங்குக்குப் போறது கடைசி அளவுதான். மத்ததெல்லாம் குப்பைக்கு. பெரியவளுக்குக் கண்ணாடியே வேணாம், அவ அளவு போயி என்ன ஆகப்போவுது? இவ அளவு போனா இவளுக்கு ஏத்த மாதிரி ஒரு பிரேமாவது வெட்டுவாங்கல்ல? அதான்."

அளவக்காவுக்குக் கோபம் வந்தது. பயந்ததற்கெல்லாம் சேர்த்து வந்தது. "அப்படியெல்லாம் வெட்ட மாட்டாங்கம்மா. நூத்தி நாப்பது பேர்ல ஒண்ணு ஒத்து வரலன்னா அத எடுத்துப் போட்டுருவாங்க. உங்களால என் வேலைக்கே ஆபத்து. நேராவே கூட்டிட்டு வந்து சொல்லியிருந்தா சேத்திருப்பேன்ல?"

"நேராத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"எப்போ?"

"மொத நாளு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. ரெண்டு பேரையும்தான். அந்த வாசல்ல உக்காந்திருந்தது நீங்கதான். பெரியவள உள்ள விட்டீங்க. இவளப் பாத்தீங்க. 'காது மேலயும் கீழயுமா இருக்கு, இது சேராது'ன்னீங்க. 'அடுத்த ஆள வரச்சொல்லுங்க'ன்னீங்க."

"நானா?"

"நீங்கதான் மேடம். எனக்கு முகம் மறக்காது."

தையல் மெஷினில் பாதி தைத்த காலர் தொங்கிக்கொண்டிருந்தது. அளவக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தக் குழந்தை நினைவில்லை. அந்தத் தாய் நினைவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுடையதுதான். "இது சேராது." அதைச் சந்தேகப்பட வழியே இல்லை.

முதல் நாள் வாசலில் பெற்றோரும் குழந்தைகளுமாக முந்நூறு பேருக்கு மேல் வரிசை. டாக்டர் சீட்டோடு வந்த நோயாளிக் குழந்தைகளைத் தவிர யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. அனுப்பினால் அதற்கென்று உள்ள பட்டியலில் வயதும் காரணமும் எழுத வேண்டும். அவள் என்ன செய்தாள்? மூக்கும் முழியுமாக இருந்த குழந்தைகளுக்கு முதலில் நம்பரைக் கொடுத்தாள். முகம் கோணலாக இருந்தால் அளப்பதற்கு இரண்டு மடங்கு நேரமாகும், இரண்டு தடவை அளந்தால் இரண்டு எண் வரும், தாள் அசிங்கமாகும். அதனால் வாசலிலேயே கண்ணால் ஒரு தடவை அளந்து கையை அசைத்துவிட்டாள். பட்டியலில் "யாருமில்லை" என்பதற்கு ஒரு கோடு இழுத்தாள். பூதக்கண்ணாடி கேட்டது சரிதான். தாள் அழகாக வந்தது அவள் பொய் எழுதியதால் அல்ல. உண்மையைத்தான் எழுதினாள், உள்ளே விட்டவர்களின் உண்மையை மட்டும்.

படியிறங்கும்போது கிளி கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பிரச்ன முடிஞ்சுபோச்சு. பெரியவள நாளைக்கே அளந்துருவோம். அக்கா பேருல தங்கச்சி வந்துட்டான்னு ஒரு குறிப்பு எழுதிக் குடுத்தா பூதக்கண்ணாடி உங்கள மெச்சிக்கும். வாசல் கதையெல்லாம் எதுக்கு? அத யாரு கேட்டா?"

அளவக்கா அன்றைக்கு வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வழக்கமாகச் செய்கிற கேலி எதுவும் செய்யாமல் கேட்டுவிட்டு, "தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. நீ வாயத் தொறந்தா கெட்டுப்போவ, அது நிச்சயம்" என்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "தொறக்கலன்னா என்ன ஆவன்னு எனக்குத் தெரியல" என்றான்.

திங்கட்கிழமை பூதக்கண்ணாடி அவள் கொடுத்த குறிப்பைப் படித்தார். படித்து முடித்ததும், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளை உட்காரச் சொன்னார்.

"ஒன்பது மில்லிமீட்டர். காதுமட்டத்த வெச்சே ஆள் மாறாட்டத்தக் கண்டுபிடிச்சிருக்கீங்க. நான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன். இந்தக் கண்ணு யாருக்கும் வராது."

இரண்டு வாரமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கதவுக்கு நாலடிதான்.

"சார், அந்தத் தங்கச்சி மொத நாளே வந்திருக்கு. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

"டாக்டர் சீட்டு இருந்துச்சா?"

"இல்ல சார்."

"பட்டியல்ல எழுதினீங்களா?"

"இல்ல சார்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்தார். ஒற்றைக் கோடு. பேனா மூடியைக் கழற்றினார். முகத்தில் பழைய பார்வை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பார்வையிலும் அவர் அவளுக்கு ஒரு வழி விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். "இந்த ஒரு குழந்தைதானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். ஒரு குழந்தை என்றால் கவனக்குறைவு, மன்னித்துவிடலாம். அளவக்கா கண்ணை மூடி அந்த வாசலை நினைத்துப் பார்த்தாள். முகங்கள் வரவில்லை. அளந்திருந்தாலாவது எண்கள் வந்திருக்கும். தன் கை மட்டும் தெரிந்தது, ஈயை விரட்டுகிற மாதிரி அசைந்துகொண்டு.

"இல்ல சார். இன்னும் இருக்காங்க."

"எத்தன பேரு?"

"பத்துக்கு மேல இருக்கும். இருபதத் தாண்டுமான்னு தெரியல."

"பதினோரு வருஷமா மில்லிமீட்டர்ல பேசுனவங்க" என்றார் பூதக்கண்ணாடி, "குழந்தைங்க கணக்குல 'இருக்கும்'ங்கிறீங்க."

அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. அவர் எழுதிக்கொண்டே போனார், அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூற்று நாற்பது தாளும் நிறுத்திவைக்கப்பட்டன. விட்டுப்போன குழந்தைகளையும் அளந்து சேர்த்த பிறகுதான் சைஸ் போடுவது என்று மேலே முடிவானது. காலிப்பர் கிளியின் கைக்குப் போனது. கிளி இரண்டு நாள் அளவக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒண்ணுன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள், சண்டைக்காகக் கேட்ட மாதிரி இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வரலாம் என்று பள்ளிக்கூட வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒருத்தரும் வரவில்லை. ஒரு தடவை வாசலில் அவமானப்பட்டவர்கள் இன்னொரு தடவை அதே வாசலுக்கு எதற்கு வருவார்கள்? அனுப்பினவளே போய்த் தேடட்டும் என்று பூதக்கண்ணாடி சொல்லிவிட்டார். அளவக்கா ஒரு வெற்றுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெரிந்த விலாசம் ஒன்றே ஒன்றுதான்.

இந்தத் தடவை அந்தக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் மெஷின் சத்தம் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலி மாட்டியிருந்தது.

"இப்ப என்ன?" என்றாள் அம்மா.

"சின்னவள அளக்கணும். அவ பேர்லயே. கூப்பிட வந்தேன்."

"எதுக்கு? அளந்து எடுத்துப் போடவா?"

"இல்லம்மா. சேத்துக்கத்தான்."

"அன்னைக்குச் சேராதுன்னீங்க. போன தடவ எடுத்துப் போட்டுருவாங்கன்னீங்க. இன்னைக்குச் சேரும்ங்கிறீங்க. ஆளுக்கு ஒரு நாக்குதான் மேடம் இருக்கும்."

"அன்னைக்குச் சொன்னது தப்பு. என் தப்பு."

அம்மா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவசரமே படவில்லை. இத்தனை வருஷமாக ஊரில் உள்ள முகங்களையெல்லாம் அப்படிப் பார்த்தவள் அளவக்கா. தன்னை ஒருத்தி அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்றுகூடப் புரியவில்லை.

"இன்னும் யாராச்சும் உங்களுக்குத் தெரியுமா? அன்னைக்கு வரிசையில உங்க கூட நின்னு, திரும்பிப் போனவங்க?" என்று தயங்கிக் கேட்டாள்.

"நாலு பேரத் தெரியும். ஒருத்தி எங்க கம்பெனிலதான் பட்டன் வெக்கிறா."

"அவங்க வீட்டக் காட்டுறீங்களா?"

"மொதல்ல என் பொண்ண சேத்துக்குறேன்னு எழுதிக் குடுங்க."

"கண்டிப்பா சேத்துக்குவேன்மா, சத்தியமா."

"சத்தியமெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. எழுதிக் குடுங்க. பேனாவுல."

அளவக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்து, பதிவேட்டை முழங்காலில் வைத்து, முதல் பக்கத்தில் அந்தக் குழந்தையின் பெயரைக் கேட்டு எழுதினாள். நம்பர் நூற்று நாற்பத்தொன்று என்று எழுதினாள். சேர்த்துக்கொள்ளப்பட்டது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கதவிடுக்கில் நீட்டினாள். அம்மா அதை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சங்கிலியைக் கழற்றினாள்.